‘கல்யாணம் ஆகிவிட்டதா?’: ஒரு நேர்காணல் கேள்வியின் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் எங்கள் துறையில் மாதிரி நேர்காணல் நடத்துவோம். கருத்தரங்கக் கூடத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, எதிரே ஒற்றை நாற்காலி வைத்து, நானும் வணிகவியல் துறைத் தோழி ஒருவரும் அதிகாரிகள்போல முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வராந்தாவில் காத்திருக்கும் பெண்கள் ஃபைலை மார்போடு அணைத்தபடி உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரிகள். ‘இன்டர்வியூ’ என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாதவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒருத்தி நன்றாகத் தயாராகியிருந்தாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்ற வழக்கமான கேள்விகள் எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். எழுந்து போகும்போது கதவருகே நின்று திரும்பிக் கேட்டாள்: “அம்மா, கல்யாணம் எப்போன்னு கேட்டா என்ன சொல்றது? புக்குல அது இல்லையே.”

நான் யோசிக்கவே இல்லை. “சிரிச்ச முகமா ‘இப்போதைக்கு இல்லை சார்’னு சொல்லிடு” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று மாலை பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது, அது என்னுடைய பழைய பதில். வேலைக்காக ஒரு மேசைக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தபோது சொன்ன அதே பதிலை, அதே சிரிப்போடு, அடுத்த தலைமுறைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எத்தனை வயது என்று தேடத் தொடங்கியது அப்படித்தான்.

தேடலில் முதலில் கிடைத்தவர் சோனிரா பெள்ளியப்பா முத்தம்மா. குடகு நாட்டில் விராஜ்பேட்டையில் 1924இல் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தார். 1948இல் குடிமைப் பணித் தேர்வு எழுதித் தேறி, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். வெள்ளையர் காலத்து ஐ.சி.எஸ். பெண்களுக்கு மூடியே இருந்தது. சுதந்திரம் வந்து கதவு திறந்த கையோடு உள்ளே நுழைந்தவர் இவர்.

கதவு எப்படித் திறந்தது என்பதை முத்தம்மா முப்பது ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் சொல்லியிருக்கிறார். நேர்காணலின்போது தேர்வாணையத் தலைவரே வெளியுறவுப் பணி வேண்டாம் என்று அவருடைய மனத்தை மாற்றப் பார்த்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. தன் செல்வாக்கைப் பயன்படுத்தி நேர்காணலில் அவருக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போடவைத்ததாகப் பின்னாளில் அவரிடமே நேரில் சொல்லியிருக்கிறார். இதை முதன்முதலில் படித்தபோது அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மதிப்பெண்ணைக் குறைத்தது ஒருபுறம் இருக்கட்டும். குறைத்தேன் என்று குறைக்கப்பட்டவளிடமே வந்து சொல்வதற்கு எவ்வளவு நிம்மதியான மனம் வேண்டும்! தவறு செய்த நினைப்பு துளியும் இல்லாதவரால்தான் அது முடியும். ஒரு பெண்ணுக்கு நல்லது செய்ய முயன்றதாகவே அவர் நினைத்திருக்கக்கூடும்.

எழுத்துத் தேர்வில் முகம் தெரியாது. விடைத்தாளுக்குப் பொட்டும் இல்லை, தாலியும் இல்லை. அங்கே முத்தம்மா வாங்கிய மதிப்பெண்ணை யாராலும் தொட முடியவில்லை. முகம் பார்த்துப் போடும் மதிப்பெண்ணில்தான் கை வைக்க முடிந்தது. அதையும் மீறி அவர் தேறினார். சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலகிவிடுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பெண் அன்னா ராஜம் ஜார்ஜ். பின்னாளில் அன்னா ராஜம் மல்ஹோத்ரா. 1927இல் கேரளத்தில் பிறந்து, கோழிக்கோட்டில் வளர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தவர். (முதல் இருவருமே சென்னையில் இலக்கியம் படித்தவர்கள் என்பதில் இலக்கியம் கற்பிக்கிற எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. ‘தமிழ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?’ என்று கேட்கும் அப்பாக்களிடம் இதைச் சொல்லியும் பார்த்திருக்கிறேன். பெரிய பலன் இல்லை.) 1951இல் அவர் நேர்காணலுக்குப் போனபோது எதிரே இருந்தவர்கள் ஐ.சி.எஸ். அதிகாரிகள். குழுவுக்குத் தலைவர் தேர்வாணையத் தலைவர் ஆர்.என்.பானர்ஜி. ஐ.ஏ.எஸ். எதற்கு, வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளில் ஒன்றோ எடுத்துக்கொள்ளலாமே, அவைதான் பெண்களுக்கு ஏற்றவை என்று அவர்கள் அறிவுரை சொன்னார்கள்.

இந்த இரண்டு நேர்காணல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவே இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் இடைவெளி. முத்தம்மாவுக்கு வெளியுறவுப் பணி வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அன்னா ராஜத்துக்கோ அந்த வெளியுறவுப் பணிதான் ஏற்றது என்று சொல்லப்பட்டது. பெண்ணுக்கு ஏற்ற பணி எது என்பதற்கு அந்த மேசையில் நிலையான விடை எதுவும் இருக்கவில்லை. அவள் எதைக் கேட்கிறாளோ அது ஏற்றதல்ல, கேட்காதது ஏற்றது. அவ்வளவுதான் அளவுகோல்.

இதற்கிடையில் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அரசு வேலையில் பால் அடிப்படையில் வேற்றுமை காட்டக்கூடாது என்று 16ஆவது பிரிவு 1950 ஜனவரி 26 முதல் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அன்னா ராஜத்துக்கு வந்த பணியாணையில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று எழுதியிருந்தது. இது நம் மண்ணில் முளைத்ததுமல்ல. மணமான பெண்ணை வேலையை விட்டு அனுப்பும் விதி பிரிட்டனின் அரசுப் பணியில் நெடுங்காலம் இருந்தது. அங்கே உள்நாட்டுப் பணியில் அதை 1946இல் எடுத்துவிட்டார்கள். வெளியுறவுப் பணியில் 1973 வரை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் வீட்டில் ஒரு பாதியைக் கழித்துவிட்ட பிறகும் நாம் அதைப் பத்திரமாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்தோம். ஆங்கிலேயச் சட்டமும் நம் வீட்டுப் பெரியவர்களும் ஒத்துப்போகிற இடங்கள் சில உண்டு. அவை பெரும்பாலும் பெண்ணைப் பற்றியவை.

அன்னா ராஜம் பிடிவாதமாக ஐ.ஏ.எஸ்ஸையே எடுத்து, சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். இங்கே வந்தால் அடுத்த மேசை காத்திருந்தது. முதலமைச்சர் ராஜாஜிக்குப் பெண்கள் ஆட்சிப் பணியில் இருப்பதில் உடன்பாடு இல்லை. மாவட்டப் பொறுப்பு வேண்டாம், தலைமைச் செயலகத்தில் ஒரு பதவி தருகிறேன் என்றார். ஆண்களுக்குக் கொடுத்த அதே பயிற்சியைத்தான் நானும் முடித்திருக்கிறேன், குதிரையேற்றம் தெரியும், துப்பாக்கி சுடத் தெரியும், சட்டம் ஒழுங்கை என்னாலும் பார்த்துக்கொள்ள முடியும் என்று அன்னா ராஜம் வாதாடினார். ஓசூரில் சார் ஆட்சியராக அனுப்பப்பட்டார். பின்னாளில் ஒரு பொதுக்கூட்டத்தில் ராஜாஜியே முன்னேறிய பெண்ணுக்கு எடுத்துக்காட்டாக அவரைச் சொன்னாராம். முதலில் தடுத்துவிட்டு, தாண்டிய பிறகு கைதட்டுவது நமக்குப் புதிதல்ல.

ஓசூர் நாள்களைப் பற்றி அவர் சொன்ன ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கிராமத்துக்குக் குதிரையில் போயிருக்கிறார். ஊர்ப் பெண்கள் அவரைப் பார்க்கக் கூடியிருக்கிறார்கள். ஒரு கிழவி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘இவளும் நம்மளப்போலத்தான் இருக்கிறா’ என்ற பொருளில் ஏதோ சொல்லியிருக்கிறார். கிழவி குரலில் ஏமாற்றமாம். சார் ஆட்சியர் என்றால் வேறு ஏதோ உருவம் என்று நினைத்திருப்பாள் பாவம். நேர்காணல் குழுக்கள் எல்லாவற்றையும்விட அந்தக் கிழவி சரியாகப் பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

இந்த இருவரின் கதையை வகுப்பில் சொல்லும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவேன். அவர்களால் மேசைக்கு எதிரே வாதாட முடிந்ததில் துணிச்சலுக்குப் பங்கு உண்டு, அவர்களிடமிருந்த ஆங்கிலத்துக்கும் உண்டு. நல்ல பள்ளியும் கல்லூரியும் கொடுத்த நிமிர்ந்த உட்காரலும் அதில் இருக்கிறது. என் மாணவிகளில் பலருக்கு முதல் தடை இந்தக் கேள்விகூட இல்லை. ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றதும் தொண்டை அடைத்துக்கொள்வதுதான். ‘சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு’ என்று சிரித்துக்கொண்டே சாதியைத் தோண்டும் கேள்வி இன்னொன்று. அதற்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

முத்தம்மா பணியில் உயர்ந்து 1970இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். ஆனால் மேல்நிலைப் பதவி உயர்வு வந்தபோது தகுதியில்லை என்று ஒதுக்கினார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு 1979இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் முன் வந்தது. அந்த வழக்கில் இரண்டு விதிகள் கேள்விக்குள்ளாயின. ஒன்று, வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்; திருமணத்துக்குப் பின் குடும்பப் பொறுப்புகள் அவள் வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவளைப் பதவி விலகச் சொல்லலாம். மற்றது, மணமான பெண் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது. ஐ.ஏ.எஸ்ஸுக்கான 1954ஆம் ஆண்டு விதிகளிலும் இதேபோன்ற ஒரு விதி இருந்து, பின்னர் நீக்கப்பட்டது.

குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்றால் அது ஆணுக்கும் நேரக்கூடியதுதானே என்று கேட்டார் கிருஷ்ண ஐயர். கேட்டுப் பார்த்தால் எவ்வளவு எளிய கேள்வி! நாடு விடுதலையாகி 32 ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு நீதிபதி அதைத் தீர்ப்பில் எழுத வேண்டியிருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்து நெதர்லாந்துக்குத் தூதராக அனுப்பிவிட்டது. அதனால் மனு தள்ளுபடியானது. தள்ளுபடியாவது மனுதான், பிரச்சினை அல்ல என்பதையும் நீதிபதி எழுதிவைத்தார். மணமான பெண்ணின் நியமனம் பற்றிய விதி ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது, திருமண அனுமதி விதியும் நீக்கப்படுகிறது என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. விதி ஒழியும்போது முத்தம்மாவுக்கு 55 வயது. கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அது அவருடைய விருப்பமா, எழுதிக் கொடுத்த தாளின் விளைவா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அப்படி ஊகிப்பதும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பதுதான்.

இதே காலத்தில் தனியார் துறையில் கதை வேறு மாதிரி. 1974இல் டெல்கோ நிறுவனத்தின் பொறியாளர் வேலை விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இருந்ததைப் பார்த்து, பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த சுதா மூர்த்தி ஜே.ஆர்.டி. டாடாவுக்கு அஞ்சலட்டை எழுதியதும், புனேவில் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு வேலை வாங்கியதும் எல்லோருக்கும் தெரியும். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் யாரும் அதை விட்டுவைத்ததில்லை. எனக்கு அந்தக் கதையில் அஞ்சலட்டையைவிட விளம்பரத்தின் மீதுதான் கண் போகிறது. அதைப் படித்துவிட்டு நாளிதழை மடித்து வைத்தவர்கள் எத்தனை பேர்?

1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் தீர்ப்பு வந்தது. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து ரத்து செய்தது. ஆனால் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொள்ளக்கூடாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது. அது பெண்ணின் உடல்நலத்துக்கு நல்லதாம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உதவுமாம். கிருஷ்ண ஐயர் தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன் பிறகு கேள்வி இடம் மாறியது. மேசையிலிருந்து படிவத்துக்கு இறங்கியது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் வேலைக்கு எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறிய ஒரு பெண், மருத்துவப் பரிசோதனையும் முடித்து ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து 1989இல் சேர்ந்தார். பிரசவ விடுப்பில் போனார். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. அடுத்த மாதமே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கடைசி மாதவிலக்குத் தேதியைப் படிவத்தில் தவறாக எழுதிவிட்டார் என்பது காரணம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றீர்கள், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்டது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுக்கவும் சொன்னது.

போனது என்று நினைத்தோம். 2021 டிசம்பர் கடைசி நாளிட்ட ஒரு சுற்றறிக்கையில் பாரத ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பத்தோடு தேர்வாகும் பெண் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’, பிரசவத்துக்குப் பிறகு நான்கு மாதத்துக்குள் வந்து சேரலாம் என்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து ஒரு மாதத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். அதே 2022இன் நடுவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் விதிகளிலும் இதேபோன்ற பிரிவு இருப்பதாகச் செய்தி வந்தது. ‘தகுதி’ என்ற சொல்லுக்கு இவ்வளவு அடர்த்தியான பொருள் உண்டென்று எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முனைவர் பட்டம் வாங்கிய மறுவருடம் ஒரு கல்லூரியில் நேர்காணலுக்குப் போனேன். அப்போது எனக்கு நான்காவது மாதம். அம்மா முந்தின நாளே ஒரு கஞ்சி போட்ட பருத்திப் புடவையை எடுத்து வைத்தாள். “முந்தானைய இழுத்துச் சொருகாத, அப்படியே விட்டுக்கோ” என்றாள். வயிற்றுக்கு முன்னால் பிடிக்க ஃபைல் தோதாக இருந்தது. வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். மெய்ப்பாட்டியல் முழுவதும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டது அதில் ஒரே ஒரு கேள்வி, மெய்ப்பாடு எத்தனை என்று. எட்டு என்றேன். பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். என் ஆய்வேட்டை யாரும் திறக்கவில்லை. பிறகு குழுவில் நடுவே இருந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“வீட்டுக்காரர் என்ன பண்றார்?”

சொன்னேன்.

“அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா நீயும் கிளம்பிருவ?”

“இல்லைங்க ஐயா.”

“குழந்தை?”

“இப்போதைக்கு இல்லைங்க ஐயா.” சிரித்துக்கொண்டே சொன்னேன்.

வேலை கிடைத்தது. சேர்ந்த மூன்றாவது மாதம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஆசிரியர் அறையில் சிலர் மாதக் கணக்கை விரல் விட்டு எண்ணினார்கள். நான் சொன்னது பொய்யா என்று பல வருடங்கள் எனக்குள் வழக்காடியிருக்கிறேன். அன்றைக்கு என் முகத்தில் இருந்தது எட்டில் எது, அச்சமா, இளிவரலா என்றும் யோசித்திருக்கிறேன். காப்பீட்டுக் கழக வழக்கைப் படித்த பிறகுதான் அந்த வழக்காடல் ஓய்ந்தது. கேட்கக்கூடாத கேள்விக்கு எழுதப்பட்ட பதிலை வைத்து ஒரு பெண்ணைப் பொய்யள் என்று வெளியேற்றியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கேள்வியே கேட்காமலும் கணக்குத் தீர்க்க முடியும். 2013இல் அரசுக் கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர் தேர்வில் மொத்தம் 34 மதிப்பெண். அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்காணலுக்கு 10. பிள்ளை பெற்று இரண்டு, மூன்று வருடம் வீட்டில் இருந்தவளுக்கு அனுபவக் கணக்கில் அப்போதே ஓட்டை விழுந்துவிடும். யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. குரூப் 4 போல நேர்காணல் இல்லாத தேர்வுகளை என் மாணவிகள் ஏன் இவ்வளவு நம்புகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. முகம் பார்க்காத தேர்வு அது. மத்திய அரசு கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 முதல் நேர்காணலை எடுத்துவிட்டது. பெண்களுக்காக என்று அதைச் செய்யவில்லை, ஆனாலும் எனக்கு மகிழ்ச்சி.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதில்லை என்பது செய்தி. வேலை தேடிப் போன சகோதரிகள் இருவரை வாசலிலேயே நிறுத்தி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று காவலாளி கேட்டு, ஆகிவிட்டது என்றதும் திருப்பி அனுப்பியதாக அதில் இருந்தது. நிறுவனம் பாகுபாடு காட்டவில்லை என்று மறுத்தது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆள் எடுக்கும்போதே பால் வேற்றுமை கூடாது என்று சொல்வதைச் சுட்டி, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

தேர்வாணையத் தலைவர் கேட்ட கேள்வி எழுபது ஆண்டுகளில் காவலாளியின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு அதில் என்ன பகை? சொல்லச் சொன்னதைச் சொல்கிறார். அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவை வாயில்காப்போனைப் பார்த்துத்தான் பேசினாள். கலை கையில் இருக்கிறது, உலகம் பெரிது என்ற தெம்பு அவளுக்கு இருந்தது. புறநானூற்றின் அந்தப் பாட்டை நடத்தும்போது முன்பெல்லாம் புலவரின் பெருமிதம் பற்றியே பேசுவேன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் வாசலில் நின்ற இருவரைப் பற்றியும் பேசுகிறேன். அவர்களுக்கு அடுத்த வாசல் எத்தனை கிலோமீட்டரில், பஸ் கட்டணம் எவ்வளவு என்று மாணவிகளே கணக்குப் போடுகிறார்கள்.

கடைசியாக, சொல்ல விருப்பமில்லாத ஒன்று. சில வருடங்களுக்கு முன் சுயநிதிப் பிரிவில் ஒரு பணியிடத்துக்கான நேர்காணலில் பாட வல்லுநராக நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்தாள். வெளியே அவள் அம்மா மடியில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, அறைக்குள் கேட்டது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் திரும்பவில்லை. சிற்றிலக்கியம் பற்றி நன்றாகவே பேசினாள். முடிக்கும்போது நான், நானேதான், “குழந்தைய யார் பாத்துப்பாங்கம்மா?” என்றேன். அக்கறையோடு கேட்பதாகவே நினைத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. “எங்கம்மா இருக்காங்க மேடம்” என்றாள். பத்துக்கு ஆறு போட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் எத்தனை போட்டிருப்பேன் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு வேலை கிடைக்கவில்லை.

எங்கள் மாதிரி நேர்காணலில் இப்போது அந்தக் கேள்வியை வேண்டுமென்றே கேட்கிறோம். ஃபைலில் சான்றிதழ்களை எந்த வரிசையில் வைப்பது, தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது, தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசுவது என்பவற்றோடு இதற்கும் பயிற்சி. ஒருத்தி, “அது இந்த வேலைக்கு எப்படித் தேவைப்படுதுன்னு சொன்னீங்கன்னா பதில் சொல்றேன் சார்” என்றாள். இன்னொருத்தி, “நான் பொய்தான் சொல்லுவேன்மா, எனக்கு வேலை வேணும்” என்றாள். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. வாடகை கட்டப்போவது அவள். இரண்டையும் நடுங்காத குரலில் சொல்லப் பழக்குகிறோம். வீடு திரும்பியதும் தேதி, இடம், யார் கேட்டது, என்ன சொல் என்று எழுதிவைக்கச் சொல்கிறோம். முத்தம்மா மறக்காமல் வைத்திருந்ததால்தான் அந்த மதிப்பெண் கதை ஒரு தீர்ப்பில் ஏறியது. துறை அலமாரியில் அதற்கென்று நீல அட்டைப் போட்ட ஒரு நீள நோட்டு இருக்கிறது. இதுவரை 41 பதிவுகள்.

புக்குல அது இல்லையே என்று கேட்டவள் படிப்பு முடிந்து ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனாள். நான் கொடுத்த மழுப்பல் பதிலோடுதான் போனாள். அன்று மத்தியானமே பேருந்து நிலையத்திலிருந்து போன் செய்தாள், பின்னால் ஏர் ஹாரன் சத்தம்.

“அம்மா, கேட்டாங்கம்மா.”

“நீ என்ன சொன்ன?”

“நீங்க சொன்னது வாய்ல வரலம்மா. ‘உங்க ஆபீஸ்ல கல்யாணம் ஆனவங்க எத்தன பேர் வேலை பாக்குறாங்க சார்’னு கேட்டுட்டேன். அவரு பக்கத்துல இருந்த மேடத்தப் பாத்தாரு. அந்த மேடம் குனிஞ்சு ஏதோ எழுதினாங்க.”

பத்து நாள் கழித்து ஆணை வந்தது. மாதம் 13,500 ரூபாய், ஆறு மாதம் தகுதிகாண் காலம். நோட்டின் முதல் பதிவு அவளுடையது. ‘யார் கேட்டது’ என்ற இடத்தில் ‘கிளை மேலாளர்’ என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள், ‘மேடம் என்ன எழுதினாங்கன்னு இன்னும் தெரியல’.